‘17 மணி நேரத்துல வந்துடுவேன்!’ - சான் ஃபிரான்சிஸ்கோ டு தருமபுரி... கூகுள் சொல்லாத நேரக் கணக்கு

ஒரு வியாழக்கிழமை விடியற்காலை 5 மணி. ஜனவரி மாசக் குளிர். பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டிலிருந்து போன். ‘பெரியம்மா போயிட்டாங்க.’

அடுத்த போன், சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் வேலை பார்க்கும் அண்ணனுக்கு. அங்கே அப்போது புதன்கிழமை மதியம் 3.30. அழுகை கொஞ்சம் அடங்கினதும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "எப்பப்பா வருவ?"

அண்ணன் அவசரமாக போனில் தேடிப் பார்த்தார். ‘சான் ஃபிரான்சிஸ்கோ - பெங்களூரு: 17 மணி நேரம்’ என்று வந்தது. அதையே சொன்னார். "17 மணி நேரத்துல வந்துடுவேன்ப்பா."

வாசலில் உட்கார்ந்திருந்த பங்காளிகள் விரல் விட்டு எண்ணினார்கள். காலை 5 மணியோட 17 மணி நேரம் கூட்டினா ராத்திரி 10. "சரி, ராத்திரியே வந்துடுவான். வெள்ளிக்கிழமை காலையில 10 மணிக்கு எடுத்துடலாம்." ஐஸ் பெட்டி வந்தது. மேளத்துக்குச் சொல்லியாச்சு. சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் ‘காலை 10 மணி’ன்னு தகவல் போயாச்சு.

அண்ணன் வீட்டு வாசலில் கால் வைத்தது வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு. 36 மணி நேரம்!

அதற்குள் 10 மணி 12 ஆனது, 12 மணி 2 ஆனது. "இன்னும் ஒரு மணி நேரம்", "இதோ வந்துட்டேன்"னு மூணு தடவை சொன்னதில், நாலாவது தடவை யாரும் நம்பலை. வெளியூர்க்காரங்க கிளம்பணும். பொழுது சாய்ஞ்சுட்டா விஷயம் சனிக்கிழமைக்குப் போயிடும், ‘சனிப் பொணம் தனிப் போகாது’ன்னு பெரியவங்களுக்குப் பயம். 3.30-க்கு எடுத்துட்டாங்க. அப்போ அண்ணன் கிருஷ்ணகிரி டோல்கேட்ல, கார் பின் சீட்ல, வீடியோ கால்ல இருந்தார்.

ரொம்ப நாள் கழித்து அண்ணன் என்னிடம் சொன்னார். "தூரத்து மேல எனக்குக் கோவம் இல்லம்மா. முதல்லயே ‘வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணி’ன்னு சொல்லியிருந்தா, அதுக்குத் தகுந்த மாதிரி ஏற்பாடு பண்ணி இருப்பாங்க. நான் சொன்ன நம்பர்தான் தப்பு."

அந்த 17 தப்பான நம்பரா? இல்லை, சரியான நம்பர்தான். ஆனால், அது வேறொரு கேள்விக்கான பதில். ‘விமானம் எவ்வளவு நேரம் பறக்கும்’ என்ற கேள்விக்கு கூகுள் பதில் சொல்லும். ‘பையன் எப்ப வருவான்’ என்ற கேள்விக்கு நாமதான் கணக்குப் போடணும். வெளிநாட்டில் அண்ணன், அக்கா, ஃப்ரெண்ட் யாராவது இருக்கிற எல்லா வீட்டுக்கும் தேவைப்படுற கணக்கு இது. வாங்க, முதல்லேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

மேப்பில் கோடு போட்டால் ஏமாந்துடுவீங்க!

முதலில் தூரம். சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் பெங்களூருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் நடுவில், பசிபிக் கடல் வழியாக ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டால், அந்தப் பாதையின் நீளம் சுமார் 16,100 கிலோமீட்டர். ஆனால், இரண்டு ஊருக்கும் இடையே உண்மையான மிகக் குறுகிய தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர்தான். 2,000 கிலோமீட்டருக்கு மேல் எங்கே போச்சு?

வீட்டில் ஒரு சாத்துக்குடியும் கொஞ்சம் நூலும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். சாத்துக்குடியில் இரண்டு புள்ளி வையுங்கள். இரண்டும் நடுப்பகுதிக்கு மேலே, ஆளுக்கொரு பக்கம் இருக்கட்டும். இப்போது நூலை இரண்டு புள்ளிக்கும் நடுவில் இறுக்கமாக இழுத்துப் பிடியுங்கள். நூல் பழத்தின் இடுப்பைச் சுற்றிப் போகாது, காம்புப் பக்கமாக மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கும். உருண்டையின் மேல் குறுக்கு வழி அப்படித்தான் இருக்கும். வரைபடம் என்பது உருண்டையைப் பிரித்துத் தட்டையாக விரித்த காகிதம். அதனால் அதில் நேராகத் தெரிவது நேர்வழி இல்லை.

பெங்களூரிலிருந்து கிளம்பும் அந்தக் குறுக்கு வழி கிழக்கே போகாது. கிட்டத்தட்ட வடக்கே கிளம்பி, சீனா, சைபீரியா தாண்டி, 71 டிகிரி வடக்கு வரை ஏறி, பிறகு அமெரிக்கா பக்கம் இறங்கும். இன்னொரு ஆச்சர்யம், வட துருவத்துக்கு நேர் மேலேயே பறந்து போனாலும் கூடுதல் தூரம் 400 கிலோமீட்டர்கூட வராது. அதனால்தான் ‘அமெரிக்காவுக்குப் போற விமானம் ஏன் ஐஸ் மேல பறக்குது?’ன்னு சீட்டுக்கு முன்னால் இருக்கிற ஸ்கிரீனைப் பார்த்து நிறைய பேர் குழம்பிப்போறாங்க.

தூரம் கூடினா நேரம் குறையுமா?

குறையும்! இதற்கு ஒகேனக்கல்தான் சரியான உதாரணம். பரிசல் ஓட்டுற அண்ணனைக் கேட்டுப் பாருங்க. நீரோட்டத்தோடு போனால் துடுப்பை அதிகம் போடவே வேண்டாம். அதே தூரத்தை நீரோட்டத்தை எதிர்த்து வரணும்னா கை கழண்டு போயிடும். சில நேரம் ஓரமாகச் சுற்றி வருவதுதான் சீக்கிரம்.

வானத்திலும் ஓர் ஆறு ஓடுது. பேரு ஜெட் ஸ்ட்ரீம். தரையிலிருந்து சுமார் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று. பல நேரம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டி வீசும். பயணிகள் விமானங்கள் பறப்பதும் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான். கிழக்கே போகிறவருக்கு இது முதுகில் தள்ளும் காற்று, மேற்கே போகிறவருக்கு முகத்தில் அறையும் காற்று.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதை வைத்தே ஒரு வேலை செய்தது. டெல்லி - சான் ஃபிரான்சிஸ்கோ விமானம் அதுவரை மேற்கே, அட்லான்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அதைத் திருப்பி கிழக்கே, பசிபிக் வழியாக விட்டார்கள். தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர் கூடி, 15,300 கிலோமீட்டர் ஆனது. பயண நேரமோ கிட்டத்தட்ட 2 மணி நேரம் குறைந்து, பதினான்கரை மணி நேரத்தில் விமானம் போய்ச் சேர்ந்தது!

2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னால் இருந்து தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து இறங்கியது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம் அது.

பெங்களூரு - சான் ஃபிரான்சிஸ்கோ பயணத்திலும் இப்படித்தான். போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம். ஒரு மணி நேரம் வரைகூட வித்தியாசம் வரும். ‘போறப்போ 16 மணி நேரம்தானே ஆச்சு, வர்றப்பவும் அவ்வளவுதான்’னு நினைச்சுடாதீங்க.

‘பூமிதான் சுத்துதே, விமானம் சும்மா மேல நின்னா போதாதா?’

ஸ்கூல்ல எல்லாருக்கும் வந்த டவுட்டுதான். பதில் சிம்பிள். ஓடுகிற டவுன் பஸ்ஸுக்குள் நின்ற இடத்தில் குதித்துப் பாருங்கள். பின் சீட்டில் போய் விழ மாட்டீர்கள், அதே இடத்தில்தான் இறங்குவீர்கள். ஏன்னா, பஸ்ஸோட சேர்ந்து நீங்களும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பூமி சுற்றும்போது அதன் மேலிருக்கும் காற்றும், அந்தக் காற்றில் பறக்கும் விமானமும் சேர்ந்தே சுற்றுகின்றன. அதனால், மேலே போய் நின்றால் கீழே அமெரிக்கா வந்து சேராது. 14,000 கிலோமீட்டரையும் பறந்துதான் ஆகணும்.

காணாமல் போன ஞாயிற்றுக்கிழமை

2021 ஜனவரி 9, சனிக்கிழமை இரவு. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேர் விமானம் கிளம்பியது. கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில், காக்பிட்டில் இருந்த நான்கு விமானிகளும் பெண்கள். வட துருவத்தின் வழியாகப் பறந்து, சுமார் 17 மணி நேரத்தில் பெங்களூரு தேவனஹள்ளியில் இருக்கும் கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையத்தில் இறங்கினார்கள்.

இறங்கியது எப்போது தெரியுமா? ஜனவரி 11, திங்கட்கிழமை விடியற்காலை! 17 மணி நேரப் பயணத்துக்குச் சனிக்கிழமை ஏறினால், ஞாயிற்றுக்கிழமைதானே இறங்கணும்? நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கே போச்சு?

அதை நேர வித்தியாசம் சாப்பிட்டுவிட்டது. குளிர்காலத்தில் நாம் சான் ஃபிரான்சிஸ்கோவைவிடப் பதிமூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே சனிக்கிழமை இரவு 8.30 என்றால், நமக்கு ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி. அதிலிருந்து 17 மணி நேரம் கூட்டினால் திங்கட்கிழமை அதிகாலை 3 மணி. எதிர்த் திசையில் இந்தக் கணக்கு உல்டாவாகும். பெங்களூரில் மதியம் 2.30-க்கு ஏறி, 16 மணி நேரம் பறந்து இறங்கினால், அங்கே அதே நாள் மாலை 5 மணிதான் ஆகியிருக்கும். டிக்கெட்டைப் பார்க்கிறவருக்கு ‘ரெண்டரை மணி நேரத்துல அமெரிக்காவா?’ன்னு தோணும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். அந்த மாதங்களில் வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம்தான். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர் கடிகாரப்படியும், இறங்கும் நேரம் இறங்கும் ஊர் கடிகாரப்படியும் இருக்கும். இரண்டையும் அப்படியே கழித்துப் பார்த்துப் பயண நேரம் கண்டுபிடிக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் நடந்த முதல் தப்பும் இங்கேதான். அண்ணன் சொன்ன 17 மணி நேரத்தை, தகவல் போன நிமிஷத்திலிருந்து எல்லோரும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். விமானம் எப்போது கிளம்பும், அப்போது நம்ம ஊரில் மணி என்ன என்று யாரும் கேட்கவில்லை.

வானத்திலும் ‘சாலை மறியல்’ உண்டு

தூரமும் காற்றும் சரியாக இருந்தாலும், எல்லா நாட்டு வானத்திலும் எல்லோரும் பறந்துவிட முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் வான்வெளி சொந்தம், கதவை மூடினால் சுற்றித்தான் போகணும்.

2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்கள் சுற்றுப்பாதையில் போக வேண்டியதாகி, சில விமானங்கள் நடுவில் வியன்னா, கோபன்ஹேகனில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து ஐரோப்பிய, அமெரிக்க விமான நிறுவனங்கள் ரஷ்யாவின் மேல் பறக்க முடியாமல் சுற்றிப் போகின்றன. அதனால், போன வருஷம் வந்தவர் சொன்ன நேரத்தை இந்த வருஷத்துக்கு அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். எந்த விமானம், எந்த வழி என்று அந்தந்த நேரத்தில் பார்ப்பதுதான் நல்லது.

டிக்கெட்டில் இருப்பது என்ன நேரம்?

டிக்கெட்டில் ‘17 மணி நேரம்’ என்று போட்டிருந்தால், அது சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரையிலான நேரம் மட்டும் இல்லை. ஏர்போர்ட்டில் நிற்கும் இடத்திலிருந்து விமானம் பின்னால் நகர்வதில் ஆரம்பித்து, அந்த ஊரில் போய் முழுசாக நிற்பது வரை. ரன்வேயில் வரிசையில் நிற்பதும் அதில் சேர்த்தி. லேட்டானாலும் சமாளிக்க, விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நேரமும் சேர்த்தே போடும். ‘20 நிமிஷம் முன்னாடியே இறங்கிட்டோம்’னு பைலட் சொல்றதுக்கு ஒரு காரணம் அதுதான்.

அவசரத்துக்கு நேர் விமானம் எல்லா நாளும் கிடைக்காது. இவ்வளவு நீளமான நேர் விமானங்களில் பல வாரத்தில் சில நாள்கள்தான் பறக்கும். அண்ணனுக்கும் அன்று கிடைக்கவில்லை. வளைகுடா நகரம் ஒன்றில் இறங்கி, விமானம் மாறி வர்ற டிக்கெட்தான் கிடைத்தது. முதல் விமானம் 16 மணி நேரம், நடுவில் காத்திருப்பு 4 மணி நேரம், அங்கிருந்து பெங்களூரு 4 மணி நேரம். 17, இங்கேயே 24 ஆகிவிட்டது.

விமானம் மாறி வருகிறவர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்கணும்.

* இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கிறதா? இருந்தால், முதல் விமானம் லேட்டாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைவு என்று தனித்தனியாக வாங்கினால், தவறவிட்டது உங்கள் பாடு.

* நடுவில் இறங்கும் நாட்டில் டிரான்சிட் விசா வேணுமா? சில நாடுகளில் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராமல் விமானம் மாறினால்கூடக் கேட்பார்கள். டிக்கெட் போட்ட பிறகு இது தெரிந்தால் பணமும் போச்சு, நேரமும் போச்சு.

* டெல்லி, மும்பை வழியாக பெங்களூரு வந்தால், பொதுவாக முதலில் இறங்கும் இந்திய ஏர்போர்ட்டிலேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி போடணும். அதற்கு 2 மணி நேர இடைவெளி எல்லாம் பத்தாது.

கடைசி 200 கிலோமீட்டர்

விமானம் இறங்கிவிட்டது. ஆனால், வீடு இன்னும் வரலை.

தருமபுரிக்காரர்களுக்குப் பெரிய ஏர்போர்ட் என்றால் பெங்களூருதான். தேவனஹள்ளி நகரத்துக்கு வடக்கே இருக்கு, நம்ம ஊரோ தெற்கே. அதனால் முழு பெங்களூரையும் குறுக்கே கடக்கணும். ஹெப்பாள், சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி. மொத்தம் சுமார் 170 கிலோமீட்டர். பென்னாகரம் என்றால் இன்னும் 30 கிலோமீட்டர். ஓசூரிலிருந்து தருமபுரி வரை நெடுஞ்சாலையில் பறந்துவிடலாம். ஆனால், ஏர்போர்ட்டிலிருந்து ஓசூர் வரைக்கும் என்ன ஆகும் என்பது நீங்கள் இறங்கும் மணியைப் பொறுத்தது. விடியற்காலை 3 மணிக்கு ஒரு கதை, சாயங்காலம் 6 மணிக்கு வேறு கதை. கார் இல்லை என்றால், வாயு வஜ்ரா பஸ்ஸில் நகரத்துக்குள் வந்து, ஓசூர் வந்து, அங்கிருந்து தருமபுரி, சேலம் பஸ் பிடிக்கலாம். அப்போது இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘பக்கத்துல சேலம் ஏர்போர்ட் இருக்கே?’ன்னு கேட்கலாம். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் அந்த ஏர்போர்ட்டுக்கு 2023 அக்டோபரில் மறுபடியும் பயணிகள் விமானம் வந்தது உண்மைதான். தருமபுரியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், தொப்பூர் கணவாய் தாண்டினால் வந்துவிடும். ஆனால், அங்கே வருவது உள்நாட்டு விமானங்கள்தான். சென்னையிலோ ஹைதராபாத்திலோ இறங்கி, அடுத்த சேலம் விமானத்துக்கு அஞ்சு மணி நேரம் காத்திருப்பதற்குள், பெங்களூரிலிருந்து காரில் வீட்டுக்கே வந்திருக்கலாம். சென்னை ஏர்போர்ட்டிலிருந்து தருமபுரிக்கு சுமார் 300 கிலோமீட்டர். கிலோமீட்டர் கணக்கில் பக்கத்தில் இருப்பதெல்லாம், நேரக் கணக்கில் பக்கம் இல்லை.

அப்போ, அந்த 36 எப்படி வந்தது?

அண்ணனின் பயணத்தைக் கூட்டிப் பார்த்தால் இதுதான் கணக்கு.

* தகவல் வந்ததிலிருந்து டிக்கெட் தேடி, பெட்டி கட்டி, ஏர்போர்ட் போய், விமானம் கிளம்பும் வரை: ஆறரை மணி நேரம்

* இரண்டு விமானங்களும் நடுவில் காத்திருப்பும்: 24 மணி நேரம்

* பெங்களூரில் இமிக்ரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ்: ஒன்றேகால் மணி நேரம்

* ஏர்போர்ட்டிலிருந்து பென்னாகரம் பக்கத்து வீடு வரை: நாலேகால் மணி நேரம்

ஆக மொத்தம் 36. இதில் எதுவுமே எதிர்பாராத தாமதம் இல்லை என்பதைக் கவனியுங்கள். விமானம் லேட் ஆகலை, பெட்டி தொலையலை, வண்டி பஞ்சர் ஆகலை. எல்லாம் ஒழுங்காக நடந்தும் 36. நேர் விமானம் கிடைத்திருந்தால்கூட 29 மணி நேரம் ஆகியிருக்கும்.

நீங்களே கணக்குப் போடலாம்!

பறக்கும் நேரத்துக்கு ஒரு மனக்கணக்கு இருக்கு. தூரத்தை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். பெரிய விமானங்கள் மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வளைந்து போவதற்கும் சேர்த்துத்தான் இந்த 850.

பெங்களூரிலிருந்து போட்டுப் பார்ப்போம்.

* துபாய், சுமார் 2,700 கிலோமீட்டர்: கிட்டத்தட்ட 4 மணி நேரம்

* சிங்கப்பூர், சுமார் 3,200 கிலோமீட்டர்: நாலேகால் மணி நேரம்

* லண்டன், சுமார் 8,000 கிலோமீட்டர்: 10 மணி நேரம். மேற்கே போகும்போது எதிர்க்காற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்

* சான் ஃபிரான்சிஸ்கோ, சுமார் 14,000 கிலோமீட்டர்: 17 மணி நேரம்

இனி வீட்டுக்குச் சொல்ல வேண்டிய நேரம். ஒரு வரிசையில் போங்கள்.

1. டிக்கெட் கையில் வரும் வரை எந்த நேரமும் சொல்லாதீர்கள். "டிக்கெட் பார்த்துட்டு ரெண்டு மணி நேரத்துல சொல்றேன், அதுவரைக்கும் எந்த முடிவும் எடுக்காதீங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

2. டிக்கெட் வந்ததும், பெங்களூரில் இறங்கும் இந்திய நேரத்தை மட்டும் பாருங்கள். அது டிக்கெட்டிலேயே இருக்கும். நேர வித்தியாசக் கணக்கெல்லாம் தேவையே இல்லை.

3. அதோடு வெளியே வர ஒன்றரை மணி நேரம், தருமபுரி வர நாலரை மணி நேரம் கூட்டுங்கள். ஊர் உள்ளே தள்ளி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. கடைசியாக ஒரு மணி நேரம் தாராளமாகச் சேருங்கள். சொன்னதைவிட முன்னாடி வந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

5. சொல்லும்போது ‘இத்தனை மணி நேரம்’ என்று சொல்லாதீர்கள். கிழமையும் மணியும் சொல்லுங்கள். ‘30 மணி நேரம்’ என்றால் கேட்கிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்திலிருந்து எண்ணுவார்கள். ‘வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணி’ என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான்.

இதை அவசரம் வந்த பிறகு செய்ய வேண்டாம். பாஸ்போர்ட் எப்போது காலாவதி, திரும்பிப் போக விசா ஸ்டாம்பிங் வேணுமா, எந்த ஏர்போர்ட் வழியாக வந்தால் சீக்கிரம், பெங்களூரிலிருந்து வண்டி ஓட்டி வர யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் எல்லோரும் நல்லா இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மாவிடம் இதைப் பேசச் சங்கடமாகத்தான் இருக்கும். ‘தீபாவளிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்னு பார்ப்போமா?’ன்னு ஆரம்பிங்க. கணக்கு எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

பெரியப்பா இப்போது அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். போன மாசம் பார்க்கப் போயிருந்தேன். சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டர் அட்டையில் பேனாவால் எழுதி வைத்திருந்தார், ‘தம்பி - நேர் விமானம்னா 30, மாறி வந்தா 36’.

"அவன்தான் போன்ல சொன்னான், நான் எழுதி வச்சுக்கிட்டேன்" என்றார். "இனிமே யாரும் விரல் விட்டு எண்ண வேணாம் பாரு."

உங்கள் வீட்டுக் காலண்டர் அட்டையில் எழுத வேண்டிய நம்பர் என்ன? இன்னிக்கு ராத்திரி வீடியோ கால் பேசும்போது உட்கார்ந்து போட்டுப் பாருங்க, பத்து நிமிஷ வேலைதான்.